கட்டிடம் கீறுகிறவர்கள் வாங்கவேண்டிய மங்கா: சுட்டோமு நிஹெயின் ‘பிளாம்!’ பெரிய பதிப்பு

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். மங்கா என்றால் ஜப்பானியக் கொமிக்ஸ். சுட்டோமு நிஹெய் கீறிய ‘பிளாம்!’ மங்காவின் பெரிய அளவு ஆங்கிலப் பதிப்பு ஆறு பாகம். ஆறையும் வாங்கிவிட்டேன், ஆறையும் இரண்டு தடவை படித்தும் விட்டேன். வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆறுக்கும் காசு காணாது என்றால் முதலாம் பாகத்தை மட்டுமாவது வாங்குங்கள். போனில் பார்த்துவிட்டு படித்து முடித்ததாக மட்டும் நினைக்காதீர்கள். நானும் ஐந்து வருடம் போனில்தான் பார்த்தேன். அந்த ஐந்து வருடமும் நான் பார்த்தது கதையைத்தான், கட்டிடத்தைப் பார்க்கவே இல்லை என்று பெரிய பக்கத்தைத் திறந்த அன்றுதான் விளங்கியது.

எனக்கு வேலை கிளிநொச்சியில் வீட்டுப் பிளான் கீறுவது. அத்திவாரம் எவ்வளவு ஆழம், வளைக்கு எத்தனை கம்பி, படிக்கட்டின் ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம் என்று நாள் முழுக்க இதே யோசனை. பின்னேரத்தில் சைட்டுக்குப் போய், கீறினபடிதான் கட்டுகிறார்களா என்று பார்ப்பது. அப்படிப்பட்ட ஒருவனுக்கு இந்த மங்கா ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்குக் காரணம் நிஹெயின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் 1971ல் புகுஷிமா மாகாணத்தில் பிறந்தவர். மங்காவுக்கு வருவதற்கு முதல் கட்டிடக்கலை படித்து, கட்டுமான வேலையில் இருந்தவர். பிறகு நியூயோர்க் போய் பார்சன்ஸ் கலைப் பள்ளியில் கொஞ்சக் காலம் படித்துவிட்டு, ஊர் திரும்பி சுட்டோமு தகஹாஷி என்ற மங்கா கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1995ல் ஒரு குறுங்கதையாக அனுப்பிய ‘பிளாம்’ ஒரு புதுமுகப் பரிசு வாங்கிக் கொடுத்தது. 1997ல் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் அதையே பெரிய தொடராக ஆரம்பித்து 2003 வரைக்கும் கீறினார். ஜப்பானில் முதலில் பத்துப் பாகமாக வந்தது. அதைத்தான் பிற்பாடு பெரிய தாளில் ஆறு பாகமாக்கினார்கள், ஆங்கிலத்தில் அது 2016, 2017 இரண்டு வருடத்திலும் வெளிவந்தது.

பெயரைப் பற்றி ஒன்று. அட்டையில் இருக்கிற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘பிளேம்’ என்று படித்து, யாரையோ குற்றம் சாட்டுகிற கதை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜப்பானிய எழுத்தில் இருப்பது ‘புராமு’, அதாவது துவக்கு வெடிக்கிற சத்தம். டமார், டுமீல் என்று நாங்கள் எழுதுவது மாதிரி.

கதை சின்னதுதான். கில்லி என்ற ஒருவன் முடிவில்லாத ஒரு நகரத்துக்குள் தனியாக நடக்கிறான். அந்த நகரத்தைக் கட்டுவது ராட்சத இயந்திரங்கள். ஒருகாலத்தில் அவற்றுக்கு மனிதர்கள்தான் கட்டளை கொடுத்தார்கள். அந்தத் தொடர்பு அறுந்துபோன பிறகும் இயந்திரங்கள் நிற்கவில்லை, எதற்கு என்றே இல்லாமல் மாடிக்கு மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகின்றன. நகரத்தின் வலையமைப்புக்குள் நுழைய ஒரு மரபணு வேண்டும். ஒரு நோய் பரவி அந்த மரபணு மனிதர்களிடம் அழிந்துவிட்டது. அது எஞ்சியிருக்கிற ஒருவரையாவது தேடித்தான் கில்லி நடக்கிறான். இடையில் சிபோ என்ற விஞ்ஞானி சேர்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான் கதை, மீதி எல்லாம் நடைதான்.

அந்த நடையின் தூரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் அவர்கள் ஒரு வெற்றிடத்துக்கு வருகிறார்கள், அது வியாழன் கிரகம் அளவு பெரியது. வியாழன் ஒருகாலத்தில் இருந்த இடம் அது, நகரம் அந்தக் கிரகத்தையும் தாண்டி வளர்ந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். வியாழனின் குறுக்களவு கிட்டத்தட்ட 1,43,000 கிலோமீற்றர். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி முழுவதும் 321 கிலோமீற்றர்தான். அந்த ஒரு அறையைக் கடப்பது ஏ9ஐ நானூற்று நாற்பது தடவைக்கு மேல் நடப்பதற்குச் சமம். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர் விடாமல் நடந்தாலும் பதின்மூன்று வருடம் போய்விடும். இதை நிஹெய் வசனத்தில் விளக்கிக்கொண்டு இருக்க மாட்டார். ஒரு பக்கத்தில் கில்லி கால் வைக்கிறான், அடுத்த பக்கத்தில் வேறெங்கோ நிற்கிறான், இடையில் போனது ஒரு மணித்தியாலமா ஒரு தலைமுறையா என்று நாங்கள்தான் படத்தில் இருந்து கணிக்க வேண்டும்.

இனி அந்தப் படம். இதைத்தான் போனில் பார்க்க முடியாது என்கிறேன். பக்கம் முழுக்க ஒரே ஒரு குழி, அடி தெரியாத ஆழம், அதன் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு போகிறது, கைப்பிடி கிடையாது. படிக்கட்டு எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டு போனால் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், அதுதான் கில்லி. போன் ஸ்கிறீனில் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது, பெரிதாக்கினால் புள்ளி தெரியும், ஆனால் குழி மறைந்துவிடும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் வயிற்றுக்குள் அந்தக் கூச்சம் வரும், நாலாம் மாடித் தட்டு விளிம்பில் நின்று முதல்முறை கீழே பார்த்தபோது வந்த அதே கூச்சம்.

அடுத்தது கோடு. ஆரம்பப் பாகங்களில் கோடு சொரசொரப்பாக இருக்கும், மையை அப்படியே ஊற்றினது மாதிரி கறுப்பு. அழகாக இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. கொங்கிறீற் சுவரில் பலகை கழற்றின பிறகு தெரிகிற தடம், குழாய் ஒன்று சுவருக்குள் போகிற இடத்தில் சுற்றிவர இருக்கிற வெடிப்பு, கேபிள் தொய்ந்து கிடக்கிற விதம் எல்லாம் வேலை இடத்தில் நின்று பார்த்தவன் கண்ணுக்குத்தான் பிடிபடும். கற்பனை நகரம் கீறுகிற பலர் வெளியில் நின்று கோபுரத்தைக் கீறுவார்கள். நிஹெய் உள்ளே நின்று கீறுகிறார். தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது, வளை எங்கே போய்ச் சேர்கிறது, பாரத்தை எது தாங்குகிறது என்று காட்டுகிறார்.

கில்லியின் கையில் இருக்கிற துவக்கு மிகச் சின்னது, சாதாரண கைத்துவக்கு அளவுதான். சுட்டால் கோடு போட்டமாதிரி நேராக ஓர் ஓட்டை, சுவருக்குப் பின்னால் சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு சுவர் என்று கிலோமீற்றர் கணக்கில் துளைத்துக்கொண்டு போகும், சுட்டவனே பின்னால் தூக்கி எறியப்படுவான். அதைக் கொண்டாட்டமாக அவர் கீறவில்லை. வெடிக்குப் பிறகு பல பக்கம் ஒரு சத்தமும் இல்லை, ஒரு வசனமும் இல்லை. வெறும் தூசியும் ஓட்டையும். முதலாம் பாகத்தில் பேச்சையெல்லாம் சேர்த்து எழுதினால் சில பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். வெடிச் சத்தத்தைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சத்தம் நின்ற பிறகு வருகிற அந்த நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். யாரும் கொஞ்ச நேரம் கதைக்க மாட்டார்கள். நான் படித்த எந்தக் கொமிக்ஸிலும் அதை இவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை.

2009ல் எனக்குப் பதினொரு வயது. முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது ஏ9 வீதி ஓரத்தில் கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. அது நின்றதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது, அப்போது அது வெறும் தாங்கி. விழுந்து கிடந்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. உடைந்த இடத்தில் கம்பிகள் வெளியே வந்து வளைந்து கிடந்தன, அந்தக் கம்பிகளை அன்றைக்கு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது, அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் கட்டிட வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ‘பிளாம்!’ பக்கங்களில் உடைந்த கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாங்கிதான் முன்னால் வருகிறது. ஒரு கட்டிடம் உடைகிறபோதுதான் அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும். நிஹெய்க்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மரபணு இல்லாதவர்களை நகரத்தின் காவல் அமைப்பு, ‘சேஃப்கார்ட்’ என்று பெயர், கண்டவுடன் கொன்றுவிடும். அந்த மனிதர்கள் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களின் பாட்டன் பூட்டனும் அங்கேயே பிறந்தவர்கள். ஆனாலும் அமைப்பின் கணக்கில் அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள், ஏனென்றால் காட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. இடம்பெயர்ந்து நடந்த நாட்களில் அம்மா எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீன் பையில் சுற்றி, உடம்போடு கட்டியிருந்தார். சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டு வந்த ஒரு நாளில்கூட அதை விடவில்லை. வன்னியில் யாருக்கும் நான் இந்தக் கதையின் அடிப்படையை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் இதைப் புரியாத கதை, குழப்பமான கதை என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் குழப்பம் இருந்ததே இல்லை.

சரி, புத்தகத்தின் குறைகளுக்கு வருவோம், இருக்கத்தான் செய்கின்றன.

முதலாவது விலை. ஒரு பாகம் முப்பது டொலருக்கு மேல், எங்கள் காசில் ஒரு மேசனின் இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். அதற்கு மேல் அனுப்புகிற செலவு. எனக்கு முதல் இரண்டு பாகத்தையும் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் லீவில் வரும்போது கொண்டு வந்தார், மீதி நாலையும் இணையத்தில் எடுப்பித்தேன், அதில் ஒன்று மூலை நசுங்கி, முதுகு விரிந்து வந்தது. அனுப்பினவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பியும் பதில் இல்லை. பசை போட்டு நானே ஒட்டி, மேலே இரண்டு செங்கல் வைத்து ஓர் இரவு விட்டேன், இப்போது பரவாயில்லை. யாராவது தெரிந்தவர் வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான் நல்லது.

இரண்டாவது, இரண்டு பக்கமாக விரிகிற படங்கள். புத்தகம் தடிப்பு, நடுவில் படத்தின் கொஞ்சம் மடிப்புக்குள் போய்விடுகிறது. அழுத்தி விரித்தால் முதுகு போய்விடும் என்று பயம். அப்புறம், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பழகாதவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் தலை சுற்றும், பிறகு சரியாகிவிடும். இங்கத்தைய கறையானையும் புழுதியையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான் தகரப் பெட்டியில், வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது குறை கலைஞருடையது. ஆரம்பத்தில் அவருக்கு முகம் கீற வராது, அல்லது அதில் அக்கறை இல்லை. யார் யார் என்று அடையாளம் பிடிக்க முடியாத இடங்கள் உண்டு. சண்டை நடக்கும்போது யார் யாரைச் சுட்டார்கள் என்று மூன்று பக்கம் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டி வருகிறது. சிபோ வேறு இடையிடையே உடம்பை மாற்றிக்கொண்டு வருவாள், கவனம் தப்பினால் யாரோ புது ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். இதை நான் குறையாகவே சொல்கிறேன், பாணி என்று மழுப்ப மாட்டேன். ஆனால் பாகம் போகப் போக முகங்கள் தெளிவாகின்றன, ஆறாம் பாகத்தில் சிபோவின் முகத்தில் வருகிற களைப்பை அவர் கீறியிருக்கிற விதத்தைப் பார்த்தால் இது முதலாம் பாகம் கீறின அதே கைதானா என்று இருக்கும்.

‘பிளாம்!’ முடிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதும் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2003ல் அமெரிக்க மார்வெல் கொமிக்ஸ் நிறுவனத்துக்காக வுல்வரின் என்ற அவர்களுடைய சூப்பர் ஹீரோவின் கதை ஒன்று கீறினார். 2004ல் தொடங்கின ‘பயோமெகா’ ஆறு பாகம், ஆளை உருமாற்றுகிற கிருமி ஒன்று உலகம் முழுக்கப் பரவ, அதற்குள் மோட்டார் சைக்கிளில் பறக்கிற ஒருவன், கூடவே துவக்குத் தூக்கிச் சுடுகிற, கதைக்கிற ஒரு கரடி. வேகம் என்றால் அதுதான் வேகம், ஆனால் முடிவை அவசரமாகக் கட்டி முடித்தது மாதிரி இருக்கும். 2005, 2006ல் வந்த ‘அபாரா’ இரண்டு பாகம்தான், கறுப்பும் எலும்புமாக இருக்கும், அவருடைய பழைய பாணியின் உச்சம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

பிறகு 2009ல் ‘சிடோனியாவின் வீரர்கள்’. இதில் கோடு முற்றாக மாறிவிட்டது. மெல்லிய சுத்தமான கோடு, நிறைய வெள்ளை, ஆட்களின் முகம் பளிச்சென்று இருக்கும். பூமி அழிந்த பிறகு விண்வெளியில் அலைகிற ஒரு கப்பலில் மிச்சமிருக்கிற மனிதர்களின் கதை. 2015 வரை பதினைந்து பாகம், அந்த வருடம் கொடன்ஷா மங்கா விருதும் கிடைத்தது, 2014ல் அனிமேயாகவும், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. பழைய ரசிகர்கள் சிலர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. காதல் பகிடிகள் கூடிவிட்டன என்பது உண்மைதான், சில பாகங்களில் எனக்கும் அலுப்புத் தட்டியது. ஆனால் முதல் அத்தியாயத்தை மறக்க முடியாது. அந்தக் கப்பலில் மனிதர்களை மாற்றி அமைத்துவிட்டார்கள், செடி மாதிரி வெளிச்சத்திலேயே உடம்புக்குச் சத்து எடுத்துக்கொள்வார்கள், சாப்பாடு அவ்வளவாகத் தேவையில்லை. தனிகாஸே என்ற பெடியன் மட்டும் அடித்தட்டில் பாட்டனோடு வளர்ந்தவன், பழைய மாதிரி மனிதன், அவனுக்குப் பசிக்கும். பாட்டன் செத்து, இருந்த சாப்பாடும் முடிந்து, அரிசி திருட மேலே வந்துதான் பிடிபடுகிறான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்து வளர்ந்த வீட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, இந்த மனிதருக்குக் கட்டிடம் மட்டுமில்லை, பசியும் தெரியும் என்று தோன்றியது.

‘தோவா கனரகத் தொழிலகம்’ என்று ஒரு பெயர் ‘பிளாம்!’, ‘பயோமெகா’, ‘சிடோனியா’ எல்லாவற்றிலும் வரும். ஒரே நிறுவனமா, ஒரே உலகமா என்று அவர் விளக்கம் கொடுப்பதில்லை. சுவரில், இயந்திரத்தில், கப்பலில் அந்த முத்திரையைக் கண்டால் பழைய ஆளைச் சந்தையில் கண்டது மாதிரி ஒரு சந்தோசம்.

2017ல் தொடங்கின ‘அபோசிம்ஸ்’ ஒன்பது பாகம், அதில் பக்கம் முழுக்கப் பனி மாதிரி வெள்ளை, மையே காணோம். அழகுதான், எனக்கு மனதில் ஒட்டவில்லை. அதே வருடம் ‘பிளாம்!’ நெற்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்தது. முழுக் கதையும் இல்லை, நடுவில் வருகிற ஒரு சின்னக் கிராமத்தின் கதையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஒளிந்து வாழ்கிற, நாளுக்கு நாள் ஆள் குறைகிற, சாப்பாடு தீர்ந்துகொண்டு வருகிற கிராமம். பார்க்கலாம், மங்காவில் விளங்காத இடங்கள் விளங்கும். ஆனால் படத்தில் எல்லோரும் நிறையக் கதைக்கிறார்கள், அந்த அமைதி போய்விட்டது. முதலில் படத்தைப் பார்க்காமல் புத்தகத்துக்குப் போவதுதான் என் விருப்பம்.

எங்களுடைய பகுதியில் வீட்டுத் திட்டக் காசு இடையில் நின்றதால் லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு, யன்னலுக்கு மேல் வருகிற வளையோடு நின்றுபோன வீடுகள் இருக்கின்றன. சுவர் எழுப்பி, கம்பியை மேலே நீட்டி விட்டுவிட்டு, பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். நிஹெயின் நகரத்தில் ஆள் இல்லாமலே கட்டிடம் ஏறிக்கொண்டு போகிறது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது, கட்டுகிற முடிவை எடுப்பது யார், அதற்குள் இருக்கப்போகிறவர்களை யாராவது கேட்டார்களா என்று. கட்டுமான வேலை தெரிந்த ஒருவர் இப்படி ஒரு நகரத்தைக் கற்பனை செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

போன மாதம் ஒரு சைட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் பாகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்கிற மூத்த மேசன், நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம், நாற்பது வருடமாகக் கல் வைக்கிறவர், எட்டிப் பார்த்து “என்ன தம்பி, பிளானோ?” என்று கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, ஒரு பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். கதை கேட்கவில்லை, ஆள் யார் என்றும் கேட்கவில்லை. சுவரை ஒட்டிப் போகிற படிக்கட்டில் விரலை வைத்து, “இது அந்தரத்தில நிக்குது, இதுக்குத் தாங்கு எங்க?” என்றார். எனக்கும் தெரியவில்லை. புத்தகத்தை வெளிச்சத்துக்குச் சரித்து, விரலாலேயே மெல்லக் கீழே கொண்டுபோய், படிக்குக் கீழே நிழலோடு நிழலாகச் சுவருக்குள் ஏற்றியிருந்த சின்னக் கட்டையைக் கண்டுபிடித்தார். ஒன்று இல்லை, நாலு படிக்கு ஒன்றாக வரிசையாக இருந்தது.

“வைச்சிருக்கிறான்,” என்றார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார், திசை மாறிப் போகிறார் என்று நான் கையைப் பிடித்து மற்றப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். வேலை தொடங்குகிற நேரம் தாண்டியும் கொஞ்ச நேரம் அவர் எழும்பவில்லை. இரண்டாம் பாகம் இப்போது அவருடைய வீட்டில் இருக்கிறது.